விதியும் வழக்கும்: மருந்துச் சீட்டு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1. தோற்றுவாய்

தமிழிலக்கண மரபில் விதி, வழக்கு என்னும் இரு சொற்களும் இணைத்தே பேசப்பட்டு வந்துள்ளன. ஒன்று எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை விதி கூறும். உலகத்தார் உண்மையில் எவ்வாறு கையாளுகின்றனர் என்பதை வழக்குக் காட்டும். இரண்டும் முரண்படுமிடத்து, வழக்கினை வழுவென்று தள்ளிவிடாது, அது தோன்றியமைக்கான காரணத்தைத் தேடுவதே நல்ல உரையாசிரியரின் பணியாக இருந்து வந்துள்ளது. இந்நோக்கினை இலக்கணத்துக்குப் புறம்பான ஒரு துறையில், மக்களின் உடல்நலத்தோடும் அவர்தம் உழைப்பின் ஊதியத்தோடும் நேரடியாகத் தொடர்புடைய ஒரு துறையில், பயன்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருந்துகளை எவ்வாறு எழுதவேண்டும் என்பதற்கு அரசுகளும் உலகச் சுகாதார நிறுவனமும் வைத்தியக் கல்லூரிகளும் விதிகளை வகுத்துள்ளன. வைத்தியர்கள் நாள்தோறும் எழுதும் மருந்துச் சீட்டுக்களோ அவ்விதிகளிலிருந்து பெரிதும் விலகிச் செல்கின்றன. இந்த விலகல் நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று; ஆய்வு நடைபெற்ற நாடுகளிலெல்லாம் ஏதோவோர் அளவிற் காணப்படுவது. எனினும் இவ்விடயத்தில் இலங்கைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. விதிக்கும் வழக்குக்கும் இடையிலான இடைவெளியை வெறும் அறிவுரையால் அன்றி, மருந்து வணிகத்தின் அமைப்பையே மாற்றுவதன் மூலம் குறைக்க முனைந்த முன்னோடி நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 1970களில் நடைபெற்ற அம்முயற்சியின் வரலாறு நமது முற்போக்கு வட்டாரங்களிற்கூடப் போதியளவு பேசப்படவில்லை.

இலக்கிய மாணவனொருவன் மருந்துச் சீட்டைப் பற்றி எழுதுவானேன் என்ற வினா எழலாம். மருந்துச் சீட்டும் ஓர் எழுத்தாவணமே. ஒருவர் அதனை எழுதுகிறார். மருந்துக்கடையிலிருக்கும் இன்னொருவர் வாசிக்கிறார். மூன்றாமவரான நோயாளி அதன் பொருளைத் தமது உடலிலும் விலையைத் தமது பணப்பையிலும் ஏற்றுக்கொள்கிறார். யாரின் பொருட்டு எழுதப்படுகிறதோ அவரால் வாசிக்க இயலாத எழுத்து அது. இத்தகைய எழுத்தின் பின்னணியிலுள்ள சமூக உறவுகளை ஆராய்வது இலக்கியத் திறனாய்வாளனுக்கு அந்நியமான பணி எனக் கூறுவதற்கில்லை.

இடைவெளிக்குப் பொதுவாக இரு விளக்கங்கள் தரப்படுவதுண்டு. வைத்தியர்கள் புதிய அறிவைப் பெறாதிருக்கின்றனர் என்பது ஒன்று. அவர்கள் கம்பனிகளின் சலுகைகளுக்கு விலைபோய்விட்டனர் என்பது மற்றொன்று. முதலாவது விளக்கம் வைத்தியரைக் கற்பிக்க முனைகிறது. இரண்டாவது வைத்தியரைக் கண்டிக்க முனைகிறது. இரண்டும் தனிமனிதரிடத்தே நின்றுவிடுகின்றன. மருந்தின் பெயரையும் அது பற்றிய தகவலையும் வைத்தியருக்கு வழங்குபவர் யார், எந்த நிலைமைகளில் அவர் எழுதுகிறார் என்பனவற்றை மாற்றாதவரை விதிநூல் வெறும் நூலாகவே இருக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

2. விதி என்பது யாது?

மருந்து பற்றிய விதிகளை மூன்று அடுக்குகளாக நோக்கலாம். எந்த மருந்துகள் நாட்டுக்குத் தேவை என்பதைக் கூறும் பட்டியல் முதலாவது. அம்மருந்துகளின் பயன், அளவு, பக்கவிளைவு ஆகியவற்றைத் தொகுத்துக் கூறும் மருந்துக் கையேடு இரண்டாவது. குறித்த ஒரு நோய்க்கு முதலில் எதனைக் கொடுக்கவேண்டும், எதனைக் கொடுத்தலாகாது என்பதைக் கூறும் சிகிச்சை வழிகாட்டி மூன்றாவது.

உலகச் சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதலாவது மாதிரிப் பட்டியலை 1977இல் வெளியிட்டது. அதில் ஏறத்தாழ 200 மருந்துகளே இடம்பெற்றிருந்தன. பின்னர் பல தடவை திருத்தப்பட்ட அப்பட்டியலில் இன்று 500க்கும் மேற்பட்டவை உள்ளன. இலங்கையிலோ வைத்தியசாலைகளுக்கான மருந்துக் கையேடு 1950களின் இறுதியிலேயே தோன்றிவிட்டது. அண்மைக்காலத்தில் நுண்ணுயிரெதிரி மருந்துகளின் பாவனைக்கான தேசிய வழிகாட்டி 2016இல் வெளியாயிற்று. ஆகவே, விதி இல்லாமையால் நேர்ந்த குறை எனக் கூற இடமில்லை.

வழக்கினை அளப்பதற்கும் கருவிகள் உள்ளன. ஒரு நோயாளிக்குச் சராசரியாக எத்தனை மருந்துகள் எழுதப்படுகின்றன, அவற்றுள் எத்தனை பொதுப்பெயரால் எழுதப்படுகின்றன, எத்தனை பேருக்கு அன்ரிபயோட்டிக் எனப்படும் நுண்ணுயிரெதிரியும் எத்தனை பேருக்கு ஊசியும் கொடுக்கப்படுகின்றன, எழுதப்பட்டவற்றுள் எத்தனை அத்தியாவசியப் பட்டியலைச் சார்ந்தவை என்னும் ஐந்து அளவுகோல்களை உலகச் சுகாதார நிறுவனம் 1993இல் வகுத்தளித்தது. 2017இல் நுண்ணுயிரெதிரிகள் மூன்று பிரிவுகளாக வகுக்கப்பட்டன: முதற்றெரிவாகப் பயன்படுத்தத்தக்கவை, கவனத்தோடு கையாளத்தக்கவை, இறுதி வேளைக்கென ஒதுக்கி வைக்கப்படவேண்டியவை. 2030ஆம் ஆண்டளவில் மக்களுக்குக் கொடுக்கப்படும் நுண்ணுயிரெதிரிகளில் 70 சதவீதமேனும் முதலாம் பிரிவைச் சார்ந்திருத்தல் வேண்டும் என 2024இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையின் பிரகடனம் இலக்கு வகுத்தது. கிருமிகள் மருந்துக்குப் பணியாத நிலை நேரடிக் காரணமாக, 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என 2022இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டுள்ளமை இவ்விலக்கின் அவசரத்தை உணர்த்தும்.

இவ்விடத்து ஓர் ஆட்சேபத்தை எதிர்கொள்ள வேண்டும். நோயாளிகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்லர்; ஆதலின் அனுபவமுள்ள வைத்தியர் வழிகாட்டியிலிருந்து விலகுவது சில வேளைகளிற் சரியானதே என்பர். இது மறுக்கவொண்ணாத உண்மை. ஆயினும், விலகல்கள் நோயாளரின் தனித்தன்மையாற் பிறந்தனவாயின் அவை எல்லாத் திசைகளிலும் சிதறியிருத்தல் வேண்டும். சிலவேளை அதிகமாகவும் சிலவேளை குறைவாகவும், சிலவேளை விலைகூடியதாகவும் சிலவேளை விலைகுறைந்ததாகவும் அமைதல் வேண்டும். உண்மையில் அவ்வாறு நிகழ்வதில்லை. ஒன்று போதுமான இடத்தில் மூன்று. பழைய மருந்து போதுமான இடத்திற் புதியது. குளிசை போதுமான இடத்தில் ஊசி. பொதுப்பெயர் போதுமான இடத்தில் வர்த்தகப்பெயர். வைரசினால் வந்த தடிமனுக்கு நுண்ணுயிரெதிரி. மலிவான, எளிய சிகிச்சைகள் மட்டும் குறைவாக எழுதப்படுகின்றன. காற்றில் மரங்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பின், ஒவ்வொரு மரத்தின் குணத்தையும் ஆராய்வதிலும் காற்றின் திசையை ஆராய்வதே பொருத்தமாகும்.

3. பெயரின் இலக்கணம்

ஒவ்வொரு மருந்துக்கும் குறைந்தது இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று உலகெங்கும் பொதுவான பெயர். இப்பெயர்களை ஒழுங்குபடுத்தும் முறைமையை உலகச் சுகாதார நிறுவனம் 1950இல் ஏற்படுத்தியது; முதற் பட்டியல் 1953இல் வெளிவந்தது. மற்றையது கம்பனி தனது சரக்குக்கு இட்ட வர்த்தகப்பெயர்.

இவ்விரு பெயர்களையும் இலக்கண நோக்கில் அணுகுதல் பயனுடையது. பொதுப்பெயர்களின் ஈறுகள் மருந்தின் குடும்பத்தைக் காட்டுவன. அம்பிசிலின், அமொக்சிசிலின் என்பவற்றின் ‘சிலின்’ ஈறு அவை பெனிசிலின் குடும்பத்தின என்பதை உணர்த்தும். அற்றெனலோல், புரொப்பிரனலோல் என்பவற்றின் ‘ஓலோல்’ ஈறும், எனலாப்பிரில், கப்ரொப்பிரில் என்பவற்றின் ‘பிரில்’ ஈறும், குருதியமுக்கத்துக்குக் கொடுக்கப்படும் இருவேறு மருந்துக் குடும்பங்களை இனங்காட்டும். நன்னூலார் வழிநின்று கூறுவதாயின் இவை காரணப்பெயர்களுக்கு அணித்தானவை. பெனிசிலின் ஒவ்வாத நோயாளிக்கு அதே குடும்பத்து மருந்தினைக் கொடுத்துவிடாமல் தடுப்பது இந்த ஈறே. ஆகவே, பெயரில் உயிர்காக்கும் செய்தி பொதிந்துள்ளது.

வர்த்தகப்பெயர் இச்செய்தியை மறைக்கிறது. பொருளின் இயல்பை அன்றிப் பொருளின் உடைமையாளரை நினைவூட்டுவதே அதன் தொழில். ஒரே மருந்து வெவ்வேறு பெயர்களில் வெவ்வேறு விலைகளில் விற்கப்படும்பொழுது, இரண்டும் வெவ்வேறு மருந்துகள் என்றே நோயாளி கருதுகிறார். ஈரிடங்களில் வைத்தியம் பெறும் ஒருவர் ஒரே மருந்தினை இரு பெயர்களில் உட்கொண்டு இருமடங்கு அளவினைப் பெற்றுவிடும் அபாயமும் உண்டு. நம் நாட்டிற் பரசிற்றமோலைப் ‘பனடோல்’ என்றே கூறுகின்றோம். வர்த்தகப்பெயர் பொதுப்பெயரின் இடத்தைப் பறித்துக்கொண்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மார்க்ஸ் 1867இல் வெளியான ‘மூலதனம்’ நூலின் முதலாம் அதிகாரத்தில், மனிதர்க்கிடையிலான உறவு பண்டங்களுக்கு இடையிலான உறவுபோலத் தோற்றமளிக்கும் மாயையை விளக்கினார். மருந்தின் வர்த்தகப்பெயரில் அம்மாயை தனது முழுமையை எய்துகிறது எனலாம். குணமாக்கும் ஆற்றல் மூலப்பொருளிடத்தும் அதனைக் கண்டறிந்தோரின் உழைப்பிடத்தும் இருக்க, அது பெயரிடத்தும் பெட்டியிடத்தும் இருப்பதாகத் தோன்றுகிறது. இத்தோற்றத்துக்கு எவ்வளவு விலை கொடுக்கவேண்டியிருந்தது என்பதைப் பிரித்தானிய அரசின் ஏகபோக வணிக ஆணைக்குழு 1973இல் வெளிக்கொணர்ந்தது. ரோஷ் கம்பனியின் லிப்ரியம், வாலியம் ஆகிய இரு மருந்துகளின் விலைகளை அவ்வாணைக்குழு ஆராய்ந்து, 1970ஆம் ஆண்டு விலையிலிருந்து முன்னையதை 60 சதவீதமும் பின்னையதை 75 சதவீதமும் குறைக்குமாறு பரிந்துரைத்தது. முதலாளித்துவ அரசொன்றின் ஆணைக்குழுவே இவ்வாறு கூறவேண்டியிருந்தது என்பது மனங்கொளத்தக்கது.

4. அறியாமையும் பேராசையும்

அறியாமையே காரணம் என்ற விளக்கத்தைச் சோதிப்பதற்கு வயிற்றோட்டத்தினும் சிறந்த உதாரணம் இல்லை. சிறுபிள்ளைகளின் வயிற்றோட்டத்துக்கு முதன்மையான சிகிச்சை உப்பும் குளுக்கோசும் கலந்த நீராகாரமே. நம் நாட்டில் ‘ஜீவனி’ என்ற பெயரில் மக்கள் அறிந்துள்ள இக்கலவை மிக மலிவானது. எண்ணிறந்த உயிர்களைக் காத்துள்ளது. எல்லா வழிகாட்டிகளும் இதனையே முதலிற் கூறுகின்றன. பெரும்பாலான வயிற்றோட்டங்களுக்கு நுண்ணுயிரெதிரி வேண்டியதில்லை.

இந்தியாவின் பீகார் மாநிலக் கிராமப்புறங்களில் நடைபெற்று 2015இல் வெளியான ஆய்வொன்று இங்கு குறிப்பிடத்தக்கது. வயிற்றோட்டமுள்ள பிள்ளைக்கு என்ன கொடுப்பீர்கள் என முதலில் வைத்தியஞ் செய்வோரிடம் வினவப்பட்டது. இவர்களுட் பெரும்பாலோர் முறையான வைத்தியப் பட்டம் பெறாதோர். அவ்வாறாயினும், நூற்றுக்கு 70 பேருக்கு மேற்பட்டோர் உப்பு நீராகாரம் கொடுப்பதாகச் சரியாகவே விடையிறுத்தனர். பின்னர், பிள்ளையின் பெற்றோர்போல நடிக்கப் பயிற்றப்பட்டோர் அவர்களிடம் அனுப்பப்பட்டபொழுது, உண்மையில் அதனைக் கொடுத்தவர்கள் நூற்றுக்கு 20 பேருக்கும் குறைவானோரே. விதியை அறிந்தவர்களே விதியை மீறினர் என்பது இதனாற் புலனாகும்.

அவ்வாறாயின் இலாப நோக்கமே காரணம் என உடனே முடிவுகட்டிவிட நம்மிற் பலர் விரும்புவர். இங்குதான் எச்சரிக்கை வேண்டும். பீகாரிலும் கர்நாடகத்திலும் 2,000க்கும் மேற்பட்ட வைத்தியஞ் செய்வோரிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான இன்னோர் ஆய்வு, உப்பு நீராகாரம் எழுதப்படாமைக்கான காரணங்களை வேறுபிரித்து அளந்தது. விற்பனையாற் கிடைக்கும் இலாபம் ஏறத்தாழ 5 சதவீதத்தையும், மருந்து கையிருப்பில் இல்லாமை 6 சதவீதத்தையுமே விளக்கின. 42 சதவீதத்தை விளக்கியது, நோயாளிகள் அதனை விரும்பமாட்டார்கள் என்ற வைத்தியர்களின் எண்ணமாகும். நோயாளி தானே அதனை வேண்டியபொழுது எழுதப்படும் அளவு கூடிற்று.

கொச்சைப் பொருளாதார நிர்ணயவாதத்துக்கு இம்முடிவு சங்கடம் தரலாம். மார்க்சிய நோக்குக்கு அவ்வாறன்று. நோயாளி எதனை விரும்புவார் என வைத்தியர் நம்புகிறாரோ அந்த நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. வயிற்றோட்டம் என்றால் அதனை நிறுத்தும் குளிசை ஒன்று வேண்டும் என்ற எண்ணம் இயற்கையாக முளைத்ததன்று. கிளியோக்குயினோல் என்ற மருந்து ‘என்ரரோவயோபோம்’ முதலிய பெயர்களில் பல தசாப்தங்களாக வயிற்றுக் கோளாறுகளுக்கெல்லாம் விற்கப்பட்டது. யப்பானில் நரம்புகளையும் பார்வையையும் தாக்கி ஏறத்தாழ 10,000 பேரைப் பாதித்த நோய்க்கும் இம்மருந்துக்கும் உள்ள தொடர்பு புலப்பட்டதும் 1970இல் அந்நாடு அதனைத் தடைசெய்தது. மூன்றாம் உலக நாடுகளில் அதன் விற்பனை 1980களிலும் தொடர்ந்தது. இத்தகைய சரக்குகள் சந்தையிலிருந்து மறைந்த பின்னரும் அவை விதைத்த எதிர்பார்ப்பு எஞ்சி நிற்கிறது. கருத்துநிலை என நாம் வழங்குவது இதனையே. இலாபம் தனது வேலையை முடித்துவிட்டு விலகிக்கொண்ட பின்னும் வழக்கம் தானே இயங்குகிறது.

இதனோடு வேலை நிலைமையையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வொன்றின்படி, வைத்தியர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் சராசரி நேரம் சுவீடனில் 22 நிமிடங்களுக்கு மேல். பங்களாதேசத்தில் 48 செக்கன்கள். ஒரு நிமிடத்துக்குள் நோயாளியைப் பார்த்து முடிக்க வேண்டியவர், “இது வைரசுக் காய்ச்சல், மருந்து வேண்டாம், ஓய்வும் நீராகாரமும் போதும், இன்ன குறி தென்பட்டால் மீண்டும் வாருங்கள்” என விளக்கிக்கொண்டிருக்க இயலாது. எழுதுவது விளக்குவதிலும் விரைவானது. மருந்துச் சீட்டு இங்கு உரையாடலின் முடிவாக அன்றி, உரையாடலின் பதிலியாக அமைகிறது. நமது தென்மாகாண வைத்தியசாலையொன்றின் அனுபவமும் இதற்கு அரண் செய்யும். இன்புளுவென்சா போன்ற காய்ச்சலோடு வந்தோரிற் பெரும்பாலோருக்கு அங்கு நுண்ணுயிரெதிரி எழுதப்பட்டு வந்தது. உடனடிப் பரிசோதனையின் முடிவு வைத்தியரின் கையிற் கிடைக்கச் செய்தபொழுது அது கணிசமாகக் குறைந்தது. வைத்தியர்கள் அதே வைத்தியர்களே. அவர்களது கையிலிருந்த சாதனம் மட்டுமே மாறிற்று.

5. இலங்கையின் பரிசோதனை

மேற்கூறியவற்றை இன்று நாம் ஆய்வுகளின் துணைகொண்டு கூறுகின்றோம். அரை நூற்றாண்டுக்கு முன்னரே இதன் சாரத்தை உணர்ந்து செயற்பட்டவர் பேராசிரியர் செனக பிபிலே. 1920இற் பிறந்த இவர் எடின்பரோவில் கலாநிதிப் பட்டம் பெற்று, இலங்கையின் முதலாவது மருந்தியற் பேராசிரியராக விளங்கினார். பேராதனை வைத்திய பீடத்தின் பீடாதிபதியாகவும் பணியாற்றினார். லங்கா சமசமாஜக் கட்சியைச் சார்ந்தவர். மருந்துக் கையேட்டுக் குழுவில் நீண்டகாலம் உழைத்த அவருக்கு, கையேடு மட்டும் போதாதென்பது தெளிவாகவே தெரிந்திருந்தது. வைத்தியர் கையேட்டை வருடத்துக்கு ஒருமுறை புரட்டுவார். கம்பனியின் பிரதிநிதியோ அடிக்கடி வாயிலில் வந்து நிற்பார்.

1970இல் ஐக்கிய முன்னணி அரசாங்கம் பதவியேற்றதும் பிபிலேயும், வைத்தியரும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் மருந்து முகாமை பற்றிய அறிக்கையொன்றைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றனர். 1971இல் வெளியான அவ்வறிக்கையின் அடிப்படையில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அதே ஆண்டில் நிறுவப்பட்டது. பிபிலே அதன் முதற் தலைவரானார். திட்டம் பல கூறுகளைக் கொண்டது. தனியார் துறையின் இறக்குமதிப் பட்டியலிலிருந்த ஏறத்தாழ 2,100 மருந்துகள் சுமார் 600 ஆகக் குறைக்கப்பட்டன. இறக்குமதி படிப்படியாகக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு மாற்றப்பட்டு, உலகளாவிய கேள்விப்பத்திரங்கள் மூலம் கொள்வனவு செய்யப்பட்டது. பொதுப்பெயர்கள் வழக்குக்குக் கொண்டுவரப்பட்டன. கம்பனிப் பிரதிநிதியின் விளம்பரத் துண்டுக்கு மாற்றாகச் சார்பற்ற தகவலைத் தாங்கிய சஞ்சிகை வைத்தியர்களுக்கு வழங்கப்பட்டது.

இக்கூறுகள் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதே இங்கு முக்கியமானது. பட்டியல் சுருங்கியமையாற் பொதுப்பெயர் வழக்குச் சாத்தியமாயிற்று; பொதுப்பெயர் வழக்கால் உலகச் சந்தையில் மலிவாக வாங்குதல் சாத்தியமாயிற்று; மலிவாக வாங்கியமையால் இலவச வைத்தியசேவை அந்நியச் செலாவணி நெருக்கடியிலும் நிலைக்க முடிந்தது. விதி இங்கு அறிவுரையாக நில்லாது கொள்வனவோடு பிணைக்கப்பட்டது.

எதிர்ப்பும் அதற்கேற்பவே எழுந்தது. அமெரிக்க மருந்து உற்பத்தியாளர் சங்கம் பிரதமரிடம் ஆட்சேபம் தெரிவித்தது. வைத்தியர்களுள் ஒரு பகுதியினர், பொதுப்பெயர் மருந்துகள் தரங்குறைந்தவை எனவும், தமது தொழிற் சுதந்திரம் பறிக்கப்படுகிறது எனவும் குரலெழுப்பினர். வாந்திபேதி பரவிய வேளையில் நிகழ்ந்ததைப் பிபிலேயும் பொருளியலாளர் சஞ்சய லாலும் சேர்ந்து எழுதிய ஆய்வு பதிவு செய்துள்ளது. கூட்டுத்தாபனம் வேறொரு கம்பனியிடம் பெற்ற ரெற்றாசைக்கிளின் மூலப்பொருளைத் தனது உள்ளூர்த் தொழிற்சாலையில் வில்லைகளாக ஆக்கித்தரப் பைசர் கம்பனி உடன்படவில்லை. மருந்தினை விமானமூலம் அதிக செலவில் தருவிக்க நேர்ந்தது. தொழிற்சாலையை அரசுடைமையாக்கும் யோசனை எழுந்தபொழுது அமெரிக்கத் தூதுவர் தலையிட்டார், யோசனை கைவிடப்பட்டது. தொழிற் சுதந்திரம் பற்றிய விவாதத்தில் இறுதிச் சொல் யாருடையதாக இருந்தது என்பதை இச்சம்பவம் காட்டுகிறது.

1976இல் கொழும்பிற் கூடிய அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு மருந்துத் துறையில் ஒத்துழைப்பதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது. இலங்கை அனுபவம் ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டு அமைப்பினால் ஏனைய நாடுகளுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. அப்பணியில் ஈடுபட்டிருந்தபொழுதே, 1977 செப்ரெம்பரில் பிபிலே கயானாவிற் காலமானார். 1982இல் பங்களாதேசம் வகுத்த மருந்துக் கொள்கை இதே மரபில் வந்ததாகும்.

6. பின்வாங்கலும் அதன் படிப்பினைகளும்

1977இல் ஆட்சி மாறிற்று. திறந்த பொருளாதாரத்தின்கீழ் இறக்குமதியிற் கூட்டுத்தாபனத்துக்கு இருந்த தனியுரிமை நீங்கியது, வர்த்தகப்பெயர்கள் பெருகின. அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்குப் புறம்பே தனியார் வைத்தியஞ் செய்ய மீண்டும் அனுமதிக்கப்பட்டனர். இதன் விளைவை நாம் நாள்தோறும் காண்கின்றோம். காலையில் அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் இருக்கும் வைத்தியர், அங்குள்ள மருந்துகளைப் பொதுப்பெயரால் எழுதுகிறார். மாலையில் ‘சனலிங்’ நிலையத்தில் அதே வைத்தியர் வர்த்தகப்பெயரை எழுதுகிறார். அறிவும் மனச்சாட்சியும் காலைக்கும் மாலைக்குமிடையில் மாறிவிடுவதில்லை. மாறுவது அவர் அமர்ந்திருக்கும் இடத்தின் பொருளாதாரமே.

ஆயினும் பிபிலேயின் முயற்சியைப் புனிதப்படுத்துதல் நமது நோக்கமாகலாகாது. மூன்று குறைபாடுகளை இங்கு சுட்டலாம். தர ஆய்வுக்கான வசதி போதாமலிருந்தமை முதலாவது. பொதுப்பெயர் மருந்தின்மீது ஐயம் கொள்வோரெல்லாம் கம்பனிகளின் முகவர்கள் அல்லர். தரமற்றவையெனக் கண்டறியப்பட்ட இம்யூனோகுளோபுலின் மருந்து அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்டமை 2023இல் வெளிவந்தபொழுது, மக்களின் அச்சத்துக்கு நியாயமுண்டு என்பது மீண்டும் உறுதியாயிற்று. தரத்துக்கு உத்தரவாதம் அளிக்காத அரசு பொதுப்பெயரை வற்புறுத்தினால், அது வர்த்தகப்பெயருக்கே விளம்பரமாக முடியும்.

இரண்டாவது, மாற்றம் மேலிருந்தே வந்தது. மருந்தினை வாங்கி உண்ணும் தொழிலாளியும் விவசாயியும் தோட்டத்து மக்களும் அதனைத் தமது போராட்டமாக உணரவில்லை. ஆதலின் ஆட்சி மாறியதும் அதனைப் பாதுகாக்க எவரும் வீதிக்கு இறங்கவில்லை.

மூன்றாவதைத் தமிழ் வாசகர் எளிதிற் கடந்துசெல்ல முடியாது. மக்களுக்கு மலிவாக மருந்து வழங்க முனைந்த அதே அரசாங்கமே பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைப் புகுத்தியது; வைத்திய பீடத்தை நாடிய தமிழ் மாணவர்கள் அதனாற் பெரிதும் தாக்கப்பட்டனர். ஒன்றின் நன்மையைக் கூறி மற்றதன் அநீதியை மறைப்பது இடதுசாரி இயக்கத்துக்கு நேர்மையாகாது. மற்றதன் அநீதியைக் கூறி ஒன்றின் நன்மையை மறப்பதும் நமக்கு நன்மை தராது. மலையகத்தின் லயன் அறையிலும் வடக்கின் மீனவக் குடிசையிலும் மருந்து வாங்கப் பணமில்லாதவர் தமிழரே.

பின்வந்த காலத்தில் 2005ஆம் ஆண்டின் தேசிய மருந்துக் கொள்கை, 2015ஆம் ஆண்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம், 2016இல் 48 மருந்துகளுக்கு விதிக்கப்பட்ட உச்சவிலை என்பன பிபிலேயின் சிந்தனையைப் பகுதி பகுதியாக மீட்டெடுத்தன. ஒன்றையொன்று தாங்கிய கூறுகள் தனித்தனியே மீட்கப்பட்டபொழுது அவற்றின் வலிமை குன்றியே இருந்தது. 2022இன் பொருளாதார வீழ்ச்சியில் அரச வைத்தியசாலைகளில் மருந்து அருகி, நோயாளிகள் சீட்டுடன் வெளியே அனுப்பப்பட்டபொழுது, அச்சீட்டில் எழுதப்பட்டது பொதுப்பெயரா வர்த்தகப்பெயரா என்பது அன்றைய உணவுக்குப் பணம் எஞ்சுமா என்பதைத் தீர்மானிக்கும் வினாவாயிற்று.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, வைத்தியரின் வழக்கம் விதியிலிருந்து விலகுவது தனிமனிதக் குறைபாடு என்பதிலும் பார்க்க ஒரு சமூக உறவின் வெளிப்பாடே என்பது தெளிவாகும். பெயரை வழங்குபவர், தகவலை வழங்குபவர், நேரத்தை வரையறுப்பவர், எதிர்பார்ப்பை உருவாக்குபவர் ஆகியோர் விதிநூலுக்கு வெளியே நிற்கின்றனர். ஆகவே, வழிகாட்டியை மேலும் ஒரு தடவை அச்சிட்டு வழங்குவதால் மட்டும் பயன் விளையாது. கொள்வனவு, தர ஆய்வு, சார்பற்ற தகவல், நோயாளியோடு பேசுவதற்குப் போதிய நேரம் ஆகிய நான்கும் ஒருங்கே அமையவேண்டும்.

இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தல் தமிழ்த்துறையினரின் கடமை. நோயாளி கேட்டபொழுது சரியான சிகிச்சை கூடுதலாக எழுதப்பட்டது என 2024ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியதை மேலே கண்டோம். கேட்பதற்கு அறிவு வேண்டும்; அறிவு அவரது மொழியில் இருத்தல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, ‘இரண வைத்தியம்’ முதலிய நூல்களை வெளியிட்டார். அறுவைச் சிகிச்சையையே தமிழில் எழுத முடிந்த மரபில், மருந்துப் பொட்டலத்தின்மீது அதன் பொதுப்பெயரையும் பயனையும் அளவையும் எச்சரிக்கையையும் தெளிந்த தமிழில் எழுத முடியாதெனக் கூறுவது பொருந்தாது. எந்த நோய்க்கு மருந்தே வேண்டியதில்லை என்பதைக் கூறும் எளிய துண்டுப் பிரசுரங்களை வைத்திய பீட மாணவரும் தமிழ் மாணவரும் கூடி ஆக்குதல் நமது சங்கங்களின் ஆற்றலுக்கு உட்பட்டதே. கடையில் நின்று “இதே மருந்து பொதுப்பெயரில் உண்டா?” எனக் கேட்கும் ஒரு தாய், விதிக்கும் வழக்குக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சிறிதாவது குறைக்கிறாள். அவளைப்போற் பல்லாயிரவர் கேட்கும் நிலை உருவானால், 1977இற் போல அடுத்த பின்வாங்கலும் எதிர்ப்பின்றி நிகழ்ந்துவிடாது.